மிதிக்கத் தெரியாதவள்

நாற்பதை நெருங்கும் வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு, திருமுல்கேரியில் நான் பிசிக்ஸ் நடத்தும் பள்ளிக்கூடம். அங்கேயே படிக்கும் மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து, தினமும் நானே ஓட்டிக்கொண்டு போய்வருவேன். பழைய டர்போ டீசல் கார்தான். பெயின்ட் மங்கிவிட்டது, பின்கதவைக் கொஞ்சம் ஓங்கித்தான் சாத்த வேண்டும். இருந்தாலும், ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டாமல், யாருடைய தயவும் இல்லாமல், நினைத்த நேரத்தில் கிளம்ப முடிவது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது வீட்டில் யாருக்கும் புரியாது.

அதில் மண்ணைப் போட்டது ஒரு வாட்ஸ்அப் குழு. இதே காரை வைத்திருக்கும் ஆண்கள் ஒன்று சேர்ந்து நடத்தும் குழு அது. என் கணவர் சாஃப்ட்வேரில் இருப்பவர், அந்தக் குழுவில் இரவும் பகலும் இருப்பவர். ஒருநாள் அங்கே யாரோ, கம்பெனி வைத்த ஏர் ஃபில்டர் காரின் மூச்சை அடைக்கிறது என்று எழுதிவிட்டார்கள். உடனே இவருக்கும் காருக்கு மூச்சு முட்டுவதாகத் தோன்றிவிட்டது.

நன்றாக இருந்த ஃபில்டரையும் அதன் கறுப்புப் பெட்டியையும் கழற்றிப் பால்கனியில் போட்டார். அந்த இடத்தில் கூம்பு மாதிரி ஒரு காட்டன் ஃபில்டர் வந்தது. அதைத் தூக்கி எறிய வேண்டாமாம். கழுவிக் காயவைத்து, லேசாக எண்ணெய் விட்டால் காலத்துக்கும் வருமாம். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற மனிதர் இவர். அன்றிலிருந்து ஃபில்டரும் சனிக்கிழமை சனிக்கிழமை குளிக்க ஆரம்பித்தது.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே போயிற்று. பிறகு ஒரு காலையில், ஆர்.கே.புரம் மேம்பாலத்தில் பாதி ஏறும்போது கார் செத்துவிட்டது. இன்ஜின் நிற்கவில்லை, இழுக்கத்தான் மறுத்தது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தியும் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்தது. பின்னால் ஒரு சிட்டி பஸ், கண்ணாடி முழுக்க அதன் முகம். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒருவழியாகப் பாலத்தைத் தாண்டி, ஓரம் கட்டி, அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

இதுதான் அந்தக் காரின் கயவாளித்தனம். அணைத்துப் போட்டால் கொஞ்ச நாளைக்குச் சரியாகிவிடும். சாயங்காலம் இவர் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து சாவியை மேசையில் வைத்தார்.

"வண்டி சூப்பரா இருக்கு. நீ மிதிக்கிறதுலதேன் ஏதோ இருக்கு."

மெக்கானிக்கும் அதையே சொன்னார். என்னிடம் இல்லை, பக்கத்தில் நின்ற என் கணவரிடம். மேடம்கள் கியரைச் சீக்கிரம் மாற்றிவிடுவார்களாம், டர்போ வண்டிக்கு அது ஆகாதாம். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

பாலத்தில் அது மறுபடியும் நடந்தது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்ததில், ஏர்ஃப்ளோ மீட்டர் போய்விட்டது என்று காட்டியது. உள்ளே போகும் காற்றை அளக்கும் சின்னக் கருவி அது. அதில் சூடாக ஒரு கம்பி இருக்கும். காற்று பட்டால் அது ஆறும், எவ்வளவு ஆறுகிறது என்பதை வைத்து எவ்வளவு காற்று வருகிறது என்று இன்ஜின் தெரிந்துகொள்ளும். புது மீட்டர் போட்டார்கள். கார் பறந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

சில வாரங்களில் அதே பாலம், அதே ஊர்தல். இந்த முறை இவரிடம் பதில் தயாராக இருந்தது.

"மீட்டரே புதுசு. அப்ப வண்டி மேல குத்தம் சொல்ல முடியாதுல்ல?"

மகளும் கைவிட்டுவிட்டாள். மறுநாள் காலையில் நான் சாவியை எடுத்ததும், "நக்கோ மம்மி, பஸ்லோனே போதாம்" என்றாள். வேண்டாமாம், பஸ்ஸிலேயே போகலாமாம். இந்தத் தெலுங்கு ஊரிலேயே பள்ளி படிக்கிற பிள்ளை, தமிழில் கேட்டால் எல்லா மொழியிலும் பதில் வரும். அன்றிலிருந்து பஸ்ஸில் போனோம். இவர்கள் நம்பாததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நானே நம்ப ஆரம்பித்ததைத்தான் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து வலது காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த வயதில் உனக்கெல்லாம் எதற்கு ஸ்டீயரிங் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இவருக்கோ மீட்டர் மேல் தப்பில்லை என்று நிரூபித்தாக வேண்டும். குழுவில் இருந்த நண்பர் ஒருவர் சைனிக்புரியில் இருக்கிறார், சென்னைக்காரர், அதே கார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மீட்டரைக் கழற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். எங்களுடையது அவர் காருக்கு, அவருடையது எங்கள் காருக்கு. எங்கள் கார் ஜோராக ஓடியது. ஓட்டியவர் இவர் என்பதால் ஓடியது என்று சொல்லிக்கொண்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் நண்பரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், சமையலறையில் எனக்கும் கேட்டது.

"என்ன சார் இது, வண்டி மேடு ஏற மாட்டேங்குது. பின்னாடி வர்றவன்லாம் திட்டுறான்."

இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது மீட்டர்தேன் சார். மீட்டர் போயிருச்சு."

கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். எந்த கியரில் போனீர்கள் என்று அவரிடம் கேட்கவில்லை. எப்படி மிதித்தீர்கள் என்று கேட்கவில்லை. அந்த மனிதர் ஒரே ஒரு தடவை சொன்னார், அது மீட்டர் ஆகிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அடுப்பே தேவைப்பட்டிருக்காது.

நண்பர் வந்து மீட்டரைத் திருப்பிக் கொடுத்தபோது நானே கை நீட்டி வாங்கினேன். உள்ளே விரலை விட்டால் பிசுக்கென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். இந்த வாசனையைக் கண்டுபிடிக்க எனக்கு பிசிக்ஸ் தேவையில்லை.

"என்னாங்க, இதுல நல்லெண்ணெய் வாசம் வருது?"

இவர் நண்பரைப் பார்த்தார், பிறகு செருப்பைப் பார்த்தார். ஃபில்டரோடு வந்த சின்ன பாட்டில் எண்ணெய் எப்போதோ தீர்ந்துவிட்டதாம். தலைக்குத் தேய்த்தது போகக் கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை ஊற்றிவந்தாராம்.

"எண்ணெய்னா எண்ணெய்தானே? தாராளமா விட்டா நல்லதுன்னுதேன்..."

தாராளமாக விட்டது அத்தனையும் காற்றோடு போய் அந்தக் கம்பியில் படிந்திருக்கிறது. எண்ணெய் பூசிய கம்பிக்குக் காற்று எங்கே உறைக்கும்? காற்றே வரவில்லை என்று நினைத்து இன்ஜின் டீசலைக் குறைத்துவிட்டிருக்கிறது. நண்பர் தன் மீட்டரைக் கழற்றிக்கொண்டு, டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

பால்கனியிலிருந்து கறுப்புப் பெட்டி இறங்கியது. காகித ஃபில்டர் திரும்ப வந்தது. இன்னொரு புது மீட்டரும் வந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பாலத்தின் அடியில் மிதித்தேன். முன்னால் போன பால் வேனை முந்திக்கொண்டு கார் மளமளவென்று மேலே ஏறியது. அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

இவர் சாய்ந்து உட்கார்ந்து, திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"இப்பத்தேன் கரெக்டா மிதிக்கிற."

கிண்டல் இல்லை. மனதாரச் சொன்னார். பாலம் இறங்கி, பஸ் ஸ்டாப் வந்ததும் காரை ஓரம் கட்டினேன்.

"இறங்குங்க."

"எதுக்கு?"

"இறங்குங்கன்னு சொன்னேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார். மகள் பின்சீட்டுக் கண்ணாடியை இறக்கி, "டாடி, பஸ் ஒச்சிந்தி" என்று தெலுங்கில் பஸ் வந்துவிட்ட தகவலைச் சொன்னாள். நான் முதல் கியரைப் போட்டேன்.