பக்கத்து வீட்டு டாஃபடில்கள்

சிட்னியின் கிரவீனில் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த வயதானவர், மகளோடு இருக்க மெல்பேர்னுக்குப் போய்விட்டார். வீட்டை வாங்கியவர் கோயம்புத்தூர்க்காரர், சின்ன வயது. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொன்னார். அது செப்டம்பர் மாதம், இங்கே வசந்தம். முன்புறம் முழுக்க டாஃபடில்கள் மஞ்சளாகப் பூத்து நின்றன.

என் மனைவிக்கு மனம் கேட்கவில்லை. வேலியோரம் போய் அவரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தப் பூக்கண்டுகளை நாங்கள் கிண்டி எடுக்கலாமோ?"

"தாராளமா எடுத்துக்கோங்க அக்கா. திங்கட்கிழமை மெஷின் வந்துடும்."

டாஃபடில் வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைப்பது; பூத்திருக்கும்போது கிழங்கைப் பெயர்க்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். பூ முடிந்து, இலை தானாகக் காய்ந்த பிறகுதான் தோண்ட வேண்டும். அடுத்த வருடப் பூவுக்கான சத்தை அந்த இலைதான் கிழங்கில் சேர்க்கிறது. ஆனால் மெஷின் காத்திருக்குமா? ஞாயிறு காலை இருவரும் இறங்கினோம். வேர் அறாமல் சுற்றி அகலமாக வெட்டி, மண்கட்டியோடு தூக்கிப் பழைய படுக்கை விரிப்பில் வைத்து இழுத்து வந்தோம். எங்கள் பின்வளவுத் தோட்டத்தில் அதே ஆழத்தில் இறக்கித் தண்ணீர் விட்டோம். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

இரண்டு நாளில் எல்லாம் தரையில் சாய்ந்துவிட்டன. பார்க்கவே பாவமாக இருந்தது. வாடிய பூக்களைக் கிள்ளிய மனைவி, நான் கத்தரிக்கோலோடு இலைப் பக்கம் போனதும் பதறினாள்.

"இலையிலை கை வையாதேங்கோ! கிடக்கட்டும்."

நவம்பர் கடைசியில் இலைகள் காய்ந்து, தொட்டாலே கையோடு வந்தன. தோண்டினோம். சில கிழங்குகள் அழுகிப்போயிருந்தன, அவற்றை வீசினோம். மிச்சம் கெட்டியாக இருந்தன. ஒட்டியிருந்தவற்றைக் கையால் பிரித்து, வெங்காய வலைப்பையில் போட்டுக் கராஜில் காற்றுப்படத் தொங்கவிட்டோம். வெயில் தணிந்து மே மாதம் வந்ததும் கூர்முனை மேலே இருக்கும்படி நட்டோம்.

அடுத்த வசந்தத்தில் வெறும் இலைதான். நான் நம்பிக்கை இழந்தேன்.

"இடம் மாறி வந்தது, ஒரு வருசம் களைப்பாறட்டுமே" என்றாள் அவள்.

அதற்கு அடுத்த ஆகஸ்டில் மொட்டு விட்டது. ஒரு காலை, ரயிலுக்கு ஓடப் புறப்பட்ட என்னைக் கையைப் பிடித்துப் பின்வளவுக்கு இழுத்துப்போனாள். பதினைந்து, இருபது பூக்கள் இருக்கும். நான் அடுத்த ரயிலில்தான் போனேன்.

அதற்குள் புதுவீட்டுக்குக் குடிவந்திருந்த கோயம்புத்தூர்க்காரரின் மனைவி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அக்கா, எவ்வளவு அழகா இருக்கு! எங்களுக்கும் கொஞ்சம் தருவீங்களா?"

"ஓம், கட்டாயம் தருவன். ஆனா இப்ப இல்லை. இலை காயட்டும்."

அன்று தொடங்கிய பேச்சு நிற்கவேயில்லை. இந்த வருடம் இருவரும் சேர்ந்து டியூலிப்பில் இறங்கியிருக்கிறார்கள். சிட்னிக் குளிர் அதற்குப் போதாதாம். நடுவதற்கு முன் சில வாரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமாம். எங்கள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இப்போது இரண்டு வீட்டுக் கிழங்குகளும் இருக்கின்றன. பழத்திலிருந்து வரும் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடுமாம். பழங்களை அங்கே வைக்க எனக்கு அனுமதி இல்லை.