வக்கீல்களுக்கு மிஷின் பழக்கும் தெரசா

கார்பன் தாளை நான்காகக் கிழித்து, அதை மறுபடி நான்காகக் கிழித்து, வக்கீலின் கண்ணெதிரே தகர டப்பாவில் போட்டுக் கொளுத்தினாள் தெரசா. "எதுக்கும் பாத்துக்குங்க சார். நாளைக்கி எம்மேல ஒரு பேச்சு வரக்கூடாது." வக்கீல் சாம்பலை எட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டாள்.

தர்மபுரி கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் அவளுடைய டைப் அடிக்கும் கடை. ஒரே வழக்கில் இரண்டு பக்கத்து வக்கீல்களும் அவளிடம்தான் வருவார்கள். ஒருவருடையதை அடிக்கும்போது எதிர்க்கட்சி வக்கீல் நுழைந்தால், மிஷின்மேல் துண்டை விரித்து மூடிவிட்டு, "காப்பி சாப்புட்டு வாங்க சார்" என்று வெளியே அனுப்பிவிடுவாள். ஒருவர் சேதி இன்னொருவருக்குப் போனதில்லை என்ற அந்த நல்ல பெயரில்தான் கடை ஓடியது.

சந்தேகம் அவளுக்குக் கூடவே பிறந்தது. பாப்பிரெட்டிப்பட்டியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், பஸ்ஸைத் தவறவிட்டாலும் விடுவாளே தவிர, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்காமல் இருக்க மாட்டாள். கோயிலில் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும், தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பது பங்குச் சாமியார்தானா என்று செருப்பைப் பார்த்து உறுதி செய்துகொண்டு பிறகே முழங்காலிடுவாள். "நம்பறதுக்குத்தான் கோயிலு இருக்குதுங்களே. கடையில சரிபாக்கறதுதான்" என்பாள்.

எண்பத்தேழில் எலக்ட்ரானிக் டைப்ரைட்டர் ஒன்றை வாங்கினாள். அடித்ததையெல்லாம் அது நினைவில் வைத்துக்கொண்டு, பிழை திருத்திக் கொடுத்தால் முழுவதையும் தானே மறுபடி அடிக்கும். வக்கீல்கள் மிரண்டார்கள். "அப்ப எங் கட்சிக்காரன் சமாச்சாரம் ராவெல்லாம் இதும் வயித்துலயே கெடக்குமா?" என்று கேட்டார் பச்சியப்பன் வக்கீல். நியாயமான கேள்வி என்றே தெரசாவுக்குப் பட்டது. சனிக்கிழமை மதியங்களில் வகுப்பு வைத்தாள். அடிக்கவும் திருத்தவும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தாள். அழிக்கத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தாள்.

ஐந்தாறு வக்கீல்கள் வந்தார்கள். சேலம் சட்டக் கல்லூரி மாணவன் மாதப்பனும் வந்தான். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பதும், அழித்ததை மீட்க முடியுமா என்று குடைவதுமாக இருந்தான். அவன் கையை விட்டு அவள் கண் நகர்ந்ததில்லை. அவளுடைய பங்குக் கோயிலைச் சேர்ந்த சவரிராயன் வக்கீலோ, ஒரு தாளை நேராகச் செருகத் தெரியாமல் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். "பட்டனத் தொட்டாவே கையி நடுங்குதும்மா" என்பார்.

இப்படி இருக்கையில்தான் நஞ்சம்மாள் வழக்கு வந்தது. செத்துப்போன கணவனின் பங்கு நிலத்தைக் கொழுந்தன் விற்கப் பார்க்கிறான், தடுக்க வேண்டும் என்று பச்சியப்பன் எழுதிய மனுவை வெள்ளிக்கிழமை தெரசா அடித்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை கோர்ட்டில் போடுவதாக இருந்தார். தீபாவளிக்கு மேல்தான் பத்திரம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கொழுந்தன், அந்தத் திங்கட்கிழமை ரிஜிஸ்தர் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாக நிலத்தை விற்று முடித்துவிட்டான்.

நஞ்சம்மாள் கடைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "இங்க எழுதுனது அவனுக்கு எப்பிடிம்மா தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டாள். பச்சியப்பன் பொரிந்து தள்ளினார். "உம் மிஷினுலதான் ஓட்ட இருக்குதும்மா. யாருன்னு தெரியற வரைக்கும் ஒரு வக்கீலும் இங்க பேப்பரு குடுக்க மாட்டான்."

கொழுந்தனுக்கு வக்கீல் சவரிராயன்தான். கடையில் கூடியிருந்த எல்லோர் பார்வையும் முதலில் அவர்மேல்தான் விழுந்தது. அவர் சிரித்துவிட்டார். "எனக்கு இதுல சுச்சு எங்கன்னே தெரியாதுங்களே. தெரசாவும் அப்பிடிப்பட்ட பொண்ணு இல்லீங்க, நா சொல்றன்." அவள் பக்கம் பேச அன்றைக்கு அவர் ஒருவர்தான் இருந்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாதப்பன்தான் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டாள்.

கடையைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தாள். மிஷினின் நினைவில் எதுவும் இல்லை. கார்பன் எரிந்து போயிருந்தது. மிஷினில் இருந்த ரிப்பனைக் கழற்றும்போது அது சிக்கிக்கொண்டு நீளமாக வெளியே வந்தது. பழைய மிஷினின் துணி ரிப்பன்போல் திரும்பத் திரும்ப ஓடுவதல்ல இது. ஒரே முறை ஓடித் தீர்ந்துபோகும் மெல்லிய கறுப்பு பிலிம். பார்வைக்கு வெறும் கறுப்புதான். புரட்டி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது, அடித்த எழுத்தெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடிபோல் நின்றது. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கே வெகுநேரம் பிடித்தது. குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். கசங்கிய தாள்கள் அத்தனையும் கிடந்தன. நஞ்சம்மாள் மனுவை அடித்துத் தீர்ந்த ரிப்பன் மட்டும் இல்லை. அழிப்பதைப் பற்றி வாரக்கணக்கில் பாடம் நடத்தியவளே வெள்ளிக்கிழமை அதைக் கூடையில் போட்டிருந்தாள்; மறுநாள் வகுப்புக்கு எல்லோரும் வந்து போயிருந்தார்கள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை, ஓடித் தீர்ந்த ஒரு ரிப்பனைத் துண்டு துண்டாக நறுக்கி எல்லோரிடமும் கொடுத்தாள். அதில் அவள் அடித்திருந்தது வெறும் ஜெபம். "இன்னிக்கி இதான் பாடங்க. பாத்துட்டுச் சொல்லுங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

பச்சியப்பன் துண்டை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல என்னா பாக்கறது?" என்றார். மாதப்பன் மூக்கருகே வைத்து உற்றுப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், சட்டைமேல் தேய்த்துப் பார்த்தான். "ஒன்னும் இல்லீங்களே அக்கா, வெறும் கறுப்பு" என்று அவளிடமே நீட்டினான். தெரசா அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் விழித்த விழிப்பு நிஜமாகத்தான் இருந்தது.

சவரிராயன் பக்கத்து வக்கீலிடம், இந்த மிஷினும் தனக்கு ஆகாது, இந்த வகுப்பும் ஆகாது என்று சலித்துக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே துண்டை வாங்கினார். வாங்கிய கை அதைப் பின்புறமாகப் புரட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உயர்த்தி, கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தத் தொடங்கியது.