தூங்கிப்போன ஜெராக்ஸ் மிஷின்

தேனி ஜெராக்ஸ் கடையில் இன்று வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

சான்றிதழ் நகலெடுக்கப் போனேன். கடைக்கார அக்கா புது மிஷினைக் காட்டி, "சும்மா இருந்தா டிஸ்ப்ளே தானா அணைஞ்சிரும். கரண்டு மிச்சம்னு கம்பெனிக்காரக சொன்னாக" என்றார். காத்திருந்த நாங்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கையில் டிஸ்ப்ளே அணைந்தது.

மணி பத்து. தினமும் கரண்ட் போகும் நேரம்.

"போயிருச்சு" என்றார் அக்கா.

ஆடிக் காற்றில் இங்கே யார் ஃபேன் போடுகிறார்கள்? பகலில் விளக்கும் இல்லை. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. டீ வந்தது, வடை வந்தது. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் ஒற்றுமையாகக் கரண்ட் ஆபீசைத் திட்டினார்கள்.

அரை மணி கழித்து ஒருவர் காலி கிளாஸை மிஷின் மேல் வைத்தார். அது பட்டனில் பட்டு டிஸ்ப்ளே பளிச்சென்று எரிந்தது.

"ஏலே, கரண்டு வந்துருச்சு" என்று எல்லோரும் எழுந்தோம்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "அது எங்கயும் போகல சாமி. இதுதான் தூங்கியிருக்கு."

கடையே சிரித்தது. சிரித்து முடித்து முதல் தாளை வைத்ததும் கரண்ட் நிஜமாகவே போனது. நம்பாமல் ஆளாளுக்குப் பட்டனை அமுக்கிப் பார்த்தோம்.

அந்த மிஷின் மிச்சம் பிடித்த கரண்ட் இப்போது யார் வீட்டில் இருக்கிறது? சொன்னால் அங்கே வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறேன்.