போணிக்கு முன்னால் நின்றவர்கள்

முதல் நாள் வாங்கிய திட்டு

எண்ணூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு, திருவொற்றியூரில் ஒரு முதியோர் இல்லத்தில் வசூல் வேலை கிடைத்தது. வயதான பெண்களுக்கான இல்லம் அது. ரசீது புத்தகத்தோடு கடை கடையாகப் போய் நன்கொடை கேட்க வேண்டும். கேட்பதற்குத்தான் சம்பளம். இதை எழுதும்போதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதல் நாள் சீக்கிரமே கிளம்பினால் நிறையக் கடை ஏறலாம் என்று நினைத்து, ராயபுரத்தில் ஒரு கயிறு, வலைக் கடையின் ஷட்டர் ஏறிய கையோடு உள்ளே போய் நின்றேன். கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். எல்லாருக்கும் அண்ணாச்சி. ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னவே இது! இன்னும் போணியே ஆகல, அதுக்குள்ள கை நீட்டுதீரு? வெளங்குமா கடை? போவே, போய் அந்தப் பக்கம் நில்லும்!"

வசூலுக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வியாபாரம் ஆகாமல் எந்தக் கடையிலும் யாருக்கும் ஒன்றும் தர மாட்டார்கள். கல்லாவில் காசு விழுந்த பிறகுதான் கல்லாவிலிருந்து காசு வெளியே போகும். உங்கள் இல்லம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதுதான் சட்டம்.

டிரான்ஸ்பார்மர் நிழல்

அந்தப் பக்கம் போய் நின்றேன். டிரான்ஸ்பார்மர் பெட்டியின் நிழலில் ஏற்கெனவே ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புச்சா நைனா? போணி ஆனப்புறம் தான் போவணும். எனக்கு அப்பால போ. நீ முன்னாடி பூந்தேன்னா அண்ணாச்சி எரிச்சலாயிடுவாரு, எனக்கு டீ கூட கெடைக்காது."

அவர்தான் தேசம்மா. நெட்டுக்குப்பத்துக்காரர். கூடையில் மீன் சுமந்து தெருத் தெருவாக விற்றவர். சர்க்கரை வியாதி வந்து, வலது காலில் ஒரு புண் வந்து, அது ஆறாமல் கூடை நின்றுபோயிற்று. வெள்ளிக்கிழமைகளில் கடைக்காரர்கள் தர்மம் போடுவார்கள் என்பதால் கடை வாசல்களில் கையேந்த வந்துவிட்டார். "வெள்ளிக்கெய்ம மட்டும் தான் நைனா. மத்த நாள்ல பக்கத்து வூட்டுக்காரி கஞ்சி ஊத்துவா" என்பார்.

இப்படி எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் நாங்கள் இருவரும் ஒரே நிழலில் நின்று, ஒரே கடையின் போணிக்குக் காத்திருந்தோம். என் சட்டைப்பையில் அடையாள அட்டை தொங்கும். மற்றபடி எங்களுக்குள் ஒரு வித்தியாசமும் இல்லை.

கொடுக்காதவர்கள் சொல்லும் காரணமும் இருவருக்கும் பொதுதான். அவரிடம், "துட்டு குட்த்தா குடிப்பே, போய் ஏதாவது ஹோம்ல சேரு" என்பார்கள். அடுத்த நிமிஷம் என்னிடம், "உங்களாண்ட குட்த்தா ஆபீசுக்கு ஏசி போடுவீங்க சார், நாங்க நேரா ஏழைங்க கையில குடுத்துப்போம்" என்பார்கள். ஒரே வாய், ஒரே கடை! தேசம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணாச்சி அப்படி இல்லை. அவர் இரண்டு பேருக்கும் கொடுப்பார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"அவளுக்குக் குடுக்கது எனக்குவே. உமக்குக் குடுக்கது ஊருக்கு."

புரியவில்லை. அவரே விளக்கினார். ஒரு வெள்ளிக்கிழமை தேசம்மா கடை வாசலுக்கே வந்து நின்ற கொஞ்ச நேரத்தில், ஒரு போட் ஓனர் வந்து சீசனுக்கு வேண்டிய கயிறு முழுவதையும் அள்ளிக்கொண்டு போனாராம். அன்றிலிருந்து தேசம்மா அவருக்கு ராசி. ஷட்டர் ஏறும்போதே அவர் வாசலில் இருக்க வேண்டும். போணி ஆனதும் டீ, பன், கையில் ஒரு நோட்டு. டிரான்ஸ்பார்மர் நிழலை விட்டு என் தோழி பதவி உயர்வு பெற்றுப் போய்விட்டார்.

ஒரே ஒரு நிபந்தனை. போணி ஆகும்வரை வாசலில் யாரும் உட்காரக் கூடாது. அது அவருடைய அப்பா காலத்துச் சாஸ்திரம். சாமான் இறக்க வரும் லோடுமேன்கூட உட்கார மாட்டான். தேசம்மாவும் உட்காரவில்லை. சில நாள் போணி பத்தரை மணி வரை இழுக்கும்.

கால்

ஒரு வெள்ளிக்கிழமை அவர் புடவைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கியபோது கட்டைப் பார்த்தேன். துணி முழுக்க ஈரம். மறுநாள் நானே ஆட்டோ வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்னப் பையன், ஆனால் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"தினமும் கட்டு மாத்தணும். நிக்கவே கூடாது. இப்படியே நின்னாங்கன்னா பாதத்தையே எடுக்க வேண்டி வரும்."

எனக்கு வழி தெளிவாகத் தெரிந்தது. எங்கள் இல்லத்தில் கட்டில் காலியாக இருந்தது, ஸ்டெல்லா என்று ஒரு நல்ல நர்ஸும் இருந்தார். வெளியே வந்ததும் சொன்னேன். தேசம்மா கையை உதறினார்.

"வேணா நைனா. சோறு போடுவீங்கோ, கட்டு போடுவீங்கோ, இல்லேன்னு சொல்லல. ஆனா எவனோ பர்த்டேன்னு கேக்கு எடுத்துகினு வருவான், நான் வரிசையில குந்திகினு கை தட்டணும். ஒரு நாள் எட்டிப் பாத்தேனே! எனக்கு அத்த நெனச்சாலே பேஜாரா கீது."

"கால் போனா பரவால்லையா?"

"கால் போவக் கூடாது. அதுக்குன்னு உள்ள வந்து பூட்டிக்கவும் முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. பிடிவாதக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் அந்தக் கேக் விஷயம் பொய்யில்லை. அந்த விழாக்களுக்கு ஆள் பிடிப்பதும் என் வேலைதானே!

எங்கள் இல்லத்துச் செயலாளர் அம்மாவிடம் போய், நர்ஸை வாரத்துக்குச் சில நாள் நெட்டுக்குப்பத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"வெளி ஆளுக்குக் கட்டுப் போட ஆரம்பிச்சா, நாளைக்கு கேட்டுக்கு முன்னாடி லைன் நிக்கும் சார். உள்ள இருக்கறவங்களுக்கே மருந்து பத்தல. அவங்கள வந்து சேரச் சொல்லுங்க, ராணி மாதிரி பாத்துக்கறேன்."

அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. யார் சொல்வதிலும் தப்பே இல்லாமல் ஒரு கால் அழுகிக்கொண்டிருந்தது. இதைக் கேட்டு வெளியே வந்த என்னை ஸ்டெல்லா வராந்தாவில் நிறுத்தினார். அவர் வீடு எண்ணூர் பக்கம். "போற வழிதான் சார். டூட்டி முடிஞ்சு நான் போட்டுட்டுப் போறேன். மேடத்துக்குச் சொல்ல வேணாம்" என்றார். பஞ்சும் மருந்தும் நான் வாங்கிக் கொடுத்தேன்.

கட்டு நடந்தது. ஆனாலும் புண் ஆறவில்லை. ஒரு விரல் கறுத்தது. ஸ்டெல்லா என்னிடம் கத்தினார்: "வாரம் பூரா நான் ஆத்தறேன். வெள்ளிக்கிழமை நின்னு கெடுத்துகினு வராங்க. நீங்க எதுக்கு சார் இருக்கீங்க?"

கடையில் நான் கத்தியது

அடுத்த வெள்ளிக்கிழமை போணி ஆகும்வரை பொறுக்கவில்லை. நேரே கடைக்குள் ஏறினேன். என்னைப் பிடித்து நிறுத்தியிருந்தாலும் நின்றிருக்க மாட்டேன்.

"அண்ணாச்சி, உங்க ராசிக்குக் கால் போவப் போவுது, தெரியுமா?"

"என்னவே சொல்லுதீரு?"

"நின்னு நின்னே போவப் போவுது. நீங்க டீ குடுக்கறீங்க, பன் குடுக்கறீங்க. உக்கார மட்டும் வுட மாட்றீங்க!"

அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. மோசமான மனிதர் இல்லை அவர். வாசலைப் பார்த்தார், அந்தக் காலைப் பார்த்தார். இத்தனை நாளும் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது.

"ஏ ஆத்தா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? இனிமே வராத. ஸார்கூட ஹோமுக்குப் போயிரு. அரிசி, மருந்து எல்லாம் நான் தாரேன்."

"ரெண்டு பேரும் ஒண்ணு கூடிட்டீங்களா?" என்றார் தேசம்மா. "போணிக்கு நிக்கணும்னா நிக்கணும், ஹோமுக்குப் போவணும்னா போவணும். நான் இன்னா மூட்டையா, இங்கேர்ந்து அங்க எறக்கி வெக்க?"

"சரி, நீதான் சொல்லேன். என்ன செய்யணும்?" என்றார் அண்ணாச்சி.

"எடம் குடு அண்ணாச்சி. இந்த வாசல்ல கருவாடு போட்டு விக்கிறேன். குந்திகினு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், இது எனக்குத் தோன்றவே இல்லை. கட்டிலைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றியதில்லை.

"வெள்ளிக்கிழமையுமா? போணிக்கு முன்னாடியா?"

"கருவாடு வாங்கறவ காலையில தான் வருவா. மதியம் வந்து நான் யாருக்கு விக்கறது?"

அண்ணாச்சி கல்லாவுக்குத் திரும்பிப் போய்க் கணக்கு நோட்டைப் பிரித்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை

இப்போது எல்லாரும் போனிலேயே பணம் அனுப்புகிறார்கள். வசூலுக்குப் போகிற பிள்ளைகள் என்னிடம், "சார், பிச்சைக்காரங்களுக்குக் குடுக்கறது சரியா, ஹோமுக்குக் குடுக்கறது சரியா?" என்று கேட்கிறார்கள். இல்லத்தில் சம்பளம் வாங்கியவன் இல்லம் என்றுதான் சொல்ல வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு இல்லத்தை விட்டால் நாதியில்லை, அது சத்தியம். ஆனால் நான் கற்றுக்கொண்டது வேறு. எங்கே கொடுத்தாலும் கொடுத்த கையோடு திரும்பிவிடாதீர்கள். நீங்கள் கொடுத்தது அந்த மனுஷியை என்ன செய்கிறது என்று நின்று பாருங்கள். அண்ணாச்சியின் டீ அவரை நிற்க வைத்தது. என் கட்டில் அவரைக் கை தட்ட வைத்திருக்கும். இரண்டும் தர்மம்தான்.

தேசம்மாவுக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தங்கிவிட்டது. அது தங்கியதற்கு ஸ்டெல்லாவின் கை ஒரு காரணம், அந்த வெள்ளிக்கிழமை இன்னொன்று.

அன்று நான் போனபோது ஷட்டர் ஏறியிருந்தது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு தேசம்மா உட்கார்ந்திருந்தார். கால் இன்னொரு பெட்டியின்மேல் நீட்டியிருந்தது. முன்னால் சாக்கில் நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும். உள்ளே அண்ணாச்சி நகம் கடித்துக்கொண்டிருந்தார். பத்தரை ஆயிற்று, கடைக்கு ஒரு ஆள் வரவில்லை. பதினொன்று ஆயிற்று. பக்கத்து பெயின்ட் கடைக்காரர் வந்து, "என்ன அண்ணாச்சி, வாசல்லயே குந்த வெச்சிட்டீங்களே" என்று சிரித்துவிட்டுப் போனார். அண்ணாச்சிக்கு வேர்த்து வழிந்தது.

தேசம்மாவுக்குத் தாங்கவில்லை. சாக்கைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"நான் அந்தாண்ட போறேன் அண்ணாச்சி. என்னால உனக்கு போணி ஆவல பாரு." பெட்டியில் கையூன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

அண்ணாச்சி கல்லாவை விட்டு ஒரே எட்டில் வாசலுக்கு வந்தார்.

"உக்காரு ஆத்தா! எந்திரிச்சேன்னா காலை ஒடிச்சிருவேன்!"