வள்ளத்தின் அடியில் ஒரு மேடு

கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் அடியில் ஒரு உள்ளங்கை மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. கண் கடலைப் பார்த்திருந்தது; வேலை முழுவதும் கைக்குத்தான். வெடிப்பு தட்டுப்பட்டதும் கை நின்றது. கட்டைவிரல் நகம் அதன் நீளத்தைத் தடவி அறிந்து, இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டது. பிறகு விரல் மடங்கி, கோட்டுக்கு வெளியே ஒரு தட்டு, உள்ளே ஒரு தட்டு. வெளியே கெட்டியான சத்தம். உள்ளே நனைந்த பெட்டியைத் தட்டியது போன்ற செத்த சத்தம். வெடிப்பு கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளே தூரமாக ஓடியிருந்தது. பழைய கோட்டை அழித்துவிட்டு இன்னும் தள்ளிப் புதுக்கோடு போட்டது கை.

அந்தக் கைகளில் ரேகை கிடையாது. ஃபைபர் ஒட்டும் ரெசின் பசை பட்டுப் பட்டுத் தோல் வழுவழுவென்று ஆகிவிட்டது. ஆதாருக்கு ரேகை எடுக்கப் போனபோது இயந்திரம் திரும்பத் திரும்ப மறுத்தது. "இவரு மனுசன்தானா?" என்று அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஞானதாசனும் சேர்ந்து சிரித்தார்.

முட்டம் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றிவந்து விழும் ஊர் அது. ஞானதாசன் இளவயதில் கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். ஃபைபர் வள்ளங்கள் வந்த காலத்தில், பாறையில் தட்டி உடைந்ததை ஒட்ட அந்தப் பக்கம் ஆள் இல்லை. குளச்சலில் ஒரு படகுக் கொட்டகைக்குப் போய், மீன் விற்றது போக மிச்சமிருந்த நேரமெல்லாம் வேலியோரம் நின்று பார்த்தார். யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. ஊருக்கு வந்து தன் வள்ளத்திலேயே ஒட்டிப் பார்த்தார். முதல் ஒட்டு இரண்டு தடவை கடலுக்குப் போய்வந்ததிலேயே பிய்ந்து வந்தது. அடுத்ததில் ரெசினை இறுக்கும் ஹார்ட்னர் கூடிப்போய்ப் புகைந்தது. ஈரக்காற்றில் ஒட்டக்கூடாது, தூரிகையால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதெல்லாம் கெடுத்துக் கெடுத்தே தெரிந்துகொண்டது.

ஒட்டி முடித்த இடத்தில் கையை வைத்து இழுத்தால் ஒட்டு இருப்பதே தெரியக்கூடாது. அது அவர் தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். நெல் அளவு மேடு இருந்தாலும் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவார். வள்ளத்துக்காரர்களுக்குப் பொறுமை போய்விடும்.

"ஞானதாசா, மீனு வந்து தடவிப் பாக்கவா போவுது?"

"தண்ணி தடவிப் பாக்கும்" என்பார்.

இப்போது அவர் கைக்கு வந்திருப்பது மகன் லிஜினின் வள்ளம்.

ஒக்கிப் புயல் வந்த அன்று லிஜினும் பக்கத்து வீட்டு டிஜோவும் அதில்தான் கடலில் இருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் போனவர்கள். விடியும்போது காற்று வந்துவிட்டது. பிறகு ஒரு சரக்குக் கப்பலில் வந்தவர்கள் டிஜோவை மட்டும் தூக்கி, கொச்சியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு வந்தவன், லிஜினின் அம்மா குளோரியின் முன்னால் நின்று சொன்னான்:

"வள்ளம் கவுந்துட்டு மாமி. நான் அதப் பிடிச்சிட்டுக் கிடந்தேன். லிஜின் ஒரு வெள்ளக் கேனப் பிடிச்சிட்டு நீந்திப் போனான். உயிரோடதான் போனான்."

அந்த ஒரு வாக்கியத்தைக் குளோரி பிடித்துக்கொண்டாள். கேனைப் பிடித்தவன் எங்கேயாவது கரை ஏறியிருப்பான். லட்சத்தீவாக இருக்கலாம், மாலத்தீவாக இருக்கலாம். பேச முடியாமல் ஏதாவது ஆஸ்பத்திரியில் கிடக்கலாம். இராத்திரி வாசல் கதவுக்குத் தாழ் போடுவதை நிறுத்தினாள்.

ஊரில் சாவு விழுந்தால் மாதா கோயிலில் துக்கமணி அடிக்கும். அன்று ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. ஒக்கியில் போனவர்களில் பலருக்கு உடல் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வீடாக மனம் ஒடிந்து, உடுப்பையும் படத்தையும் வைத்துப் பூசை கொடுத்தார்கள், மணி அடித்தது. லிஜினுக்கு மட்டும் அடிக்கவில்லை. பங்குச் சாமியார் வந்து கேட்டபோதெல்லாம் குளோரி, "உயிரோட இருக்கவனுக்கு மணியா, சாமி?" என்று திருப்பி அனுப்பினாள்.

வள்ளத்தைக் கொல்லம் பக்கத்து மீன்காரர்கள் கடலில் கண்டெடுத்து, கட்டி இழுத்து, லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வீட்டின் பின்னால் மணலில் அப்படியே நிமிர்த்தி வைத்ததுதான். குளோரி யாரையும் தொடவிடவில்லை.

இதற்கிடையில் ஊர் எழுந்துகொண்டிருந்தது. வள்ளம் இழந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. உடைந்ததை வைத்திருந்தவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரு வள்ளம் முடிந்தால் அடுத்தது என்று எல்லாரும் சேர்ந்து தேய்த்தார்கள், ஞானதாசன் ஒட்டினார். யாருடைய வள்ளமோ அவர்கள் வீட்டில் அன்றைக்குச் சோறு. மேற்கே மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஜெயசிங் ஒரு டெம்போ நிறையப் பலகை கொண்டுவந்தார். அவர் விவசாயி. அதே காற்றில் அவருடைய வாழையும் ரப்பரும் படுத்துவிட்டன. கிணற்றோரம் நின்ற பெரிய அயினி மரமும் வேரோடு சாய்ந்தது. அதை அறுத்து எடுத்து வந்திருந்தார். மீன் விற்கிற பிலோமி வருடக்கணக்காக அவர் வீட்டு வாசலில் கூடை இறக்குகிறவள்.

"எங்க வீட்டுப் பூனைக்க பேரு வர இவளுக்குத் தெரியும். இவளுக்க ஊருக்கு நான் வந்ததே இல்ல பாத்துக்கிடுங்க" என்றார் ஜெயசிங்.

"மரம் விழணும்னு இருந்திருக்கு, நீரு இங்க வர" என்றாள் பிலோமி.

லிஜினின் வள்ளம்தான் கடைசி. டிஜோ அதற்குள் கடலை விட்டு, கான்கிரீட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பிலோமிதான் குளோரியிடம் பேச்சை எடுத்தாள்.

"ஏட்டி குளோரி, வள்ளத்த அடைகாத்து என்ன கிட்டப் போவு? குஞ்சா பொரிக்கும்?"

"எனக்க மோன் வந்தா அவனுக்குத் தொழிலுக்குப் போவாண்டாமா?"

"வந்தா ஓட்ட வள்ளத்துலயா போவான்? சரியாக்கிப் போடு. அவன் வருகது வர டிஜோ ஓட்டட்டும். சும்மா கிடந்தா இத்துப் போயிரும், பிள்ளே."

குளோரி கடைசியில் சரி என்றாள். அவன் வரும்போது நல்ல வள்ளம் வேண்டுமே.

ஒட்டுவதற்காக வள்ளத்தைக் கவிழ்த்த அன்றுதான் ஞானதாசன் அந்தக் கயிற்றைப் பார்த்தார்.

வள்ளத்தின் அடி நடுவில் ஓடும் முதுகின் முன்முனையில், கரைக்கு இழுக்கும்போது வடம் மாட்ட ஒரு துளை உண்டு. இத்தனை நாளும் மணலுக்குள் புதைந்து கிடந்த துளை. அதில் ஒரு நீல நைலான் கயிறு கட்டியிருந்தது. விரல் நீளம் மட்டும் தொங்கியது. கவிழ்ந்த வள்ளத்தில் பிடித்துக் கிடப்பவன் தன் மணிக்கட்டைக் கட்டிக்கொள்ளும் கயிறு. முடிச்சு எதிர்ப்புறமாகச் சுற்றியிருந்தது. அவர் வீட்டில் இடக்கைக்காரன் ஒருவன்தான். ஒரு முடிச்சுக் கற்றுக்கொடுக்கக்கூட அவனை எதிரே உட்காரவைத்துத்தான் காட்ட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் அவனுக்குப் புரியாது.

கடல் இழுத்து அறுத்த நைலானின் நுனி பூவாக விரிந்திருக்கும். இந்த நுனி மொட்டையாக இருந்தது. கத்தி பட்டது.

உயிரோடு இருப்பவன் தன் முடிச்சைத் தானே அவிழ்ப்பான்.

முடிச்சு சிதையாமல் அதைத் துளையின் உடைந்த விளிம்பு வழியே உருவியெடுத்துச் சட்டைப்பையில் போட்டார். மறுநாள் டிஜோ தேய்க்க உப்புத்தாள் வாங்கிக்கொண்டு வந்தான். வந்ததும் அவன் கண் அந்தத் துளைக்குத்தான் போனது. துளை வெறுமையாக இருந்தது. பிறகு ஞானதாசனின் சட்டைப்பையைப் பார்த்தான். நீலம் வெளியே தெரிந்தது.

"மாமா..."

"அறுக்கும்போ உயிர் இருந்துதா?"

டிஜோ அப்படியே மணலில் உட்கார்ந்தான்.

"இல்ல மாமா. ராத்திரியே பேச்சு நின்னுட்டு. விடியும்போ தொட்டுப் பாத்தேன், வெறைச்சுக் கிடந்தான். அலை வரும்போ எல்லாம் எனக்க மேல வந்து இடிச்சான். தள்ளி விடுவேன், திரும்ப வருவான். நானும் போயிருவேன்னு தோணிச்சு மாமா."

"போதும்."

"கரைக்குக் கொண்டு வந்திருந்தா மாமி ஒரு குழியாவது... வாசல்ல நின்னு எனக்க வாயையே பாத்துட்டு நின்னாவ. கேன்னு ஒண்ணு அதுவா வாயில வந்துட்டு. பொறவு அத எப்பிடித் திரும்ப எடுக்க?"

ஞானதாசன் பென்சிலால் போட்டிருந்த ஒரு கோட்டைக் காட்டினார்.

"உப்புத்தாள வச்சிட்டு இருக்காத. இதுக்கு உள்ள தேய்."

வேலை நடந்தது. குளோரியிடம் சொன்னால், இத்தனை நாள் அவள் உயிரோடு வைத்திருந்தவனை இவர் கையால் கொன்றதாகும். சொல்லாவிட்டால் அந்தக் கதவு அவள் சாகும்வரை திறந்தே கிடக்கும். சாயங்காலம் அவள் முகத்தைப் பார்க்காமல் சோறு தின்றார். இரண்டில் ஒன்றும் அவரால் முடியவில்லை.

கடைசியாக ஒட்டவேண்டிய இடம் அந்தத் துளைதான். சற்றுப் பின்னால் புதிதாக ஒன்று போட்டாயிற்று. பழையதன் விளிம்பு உடைந்திருந்தது. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் ரெசின் கலக்கினார். கயிற்றை எடுத்து, முடிச்சோடு அந்த உடைவுக்குள் கிடத்தினார். மேலே கண்ணாடிநார் விரிப்பை வெட்டிப் போட்டு, தூரிகையால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. காய்ந்ததும் தடவிப் பார்த்தார். மேடு இருந்தது. உப்புத்தாளைக் கையில் எடுத்தார். தேய்க்காமல் கீழே போட்டுவிட்டார்.

கடலில் இறக்கும் நாள் காலையில் ஊரே மணலில் கூடியது. சாமியார் மந்திரித்த தண்ணீரோடு வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். வள்ளத்தை நிமிர்த்த ஆண்கள் இரண்டு பக்கமும் குனிந்தார்கள்.

"ஏலே, சோறு தின்னியளா, மோந்து பாத்துட்டு வந்தியளா? பிடிங்க!" என்று பிலோமி கத்தினாள்.

"நீ கூடையத் தூக்கின கையால ஒரு பிடி பிடி அக்கா, வள்ளம் தானா நிமுந்துரும்."

சிரிப்புக்கு நடுவே குளோரி வந்தாள். கவிழ்த்த நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை. எல்லாரும் கையை எடுத்துக்கொண்டார்கள். அவள் பின்புறத்திலிருந்து தொடங்கி, உள்ளங்கையை அடியில் வைத்து மெல்ல நடந்தாள். முப்பது வருடமாக இந்த வேலைக்குச் சாயா கொண்டுவந்து கொடுத்தவள். அவளுக்கும் தடவத் தெரியும். முன்முனைக்குப் பக்கத்தில் கை நின்றது. போய், திரும்பி, அங்கேயே வந்து நின்றது.

"இது என்ன?"

"கல்லு தட்டுக இடம். கொஞ்சம் கனமாப் போட்டேன்."

"நீரு கனமாப் போட்டாலும் மேல தெரியாதே. மேடு விட்டு ஒரு வள்ளம் நீரு குடுத்ததில்ல. என்னத்த வச்சீரு இதுக்குள்ள?"



"முடிச்சு" என்றார் ஞானதாசன்.

"யாருக்க முடிச்சு?"

"இடக்கை முடிச்சு."

குளோரி கையை எடுக்கவில்லை. "அறுந்ததா, அறுத்ததா?"

டிஜோ முன்னால் வந்தான். "நான்தான் மாமி. அவன் போன பொறவு."

"அப்ப கேனு?"

"கேனு இல்ல மாமி."

அவள் டிஜோவைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தபடியே கேட்டாள். "எனக்க பிள்ள என்னவாவது சொன்னானா?"

"கட்டன் சாயா வேணும்னு சொன்னான். அம்மை போடுகது மாதிரி, சக்கர கூட்டி."

பிலோமி தோளைத் தொட வந்தாள், குளோரி தட்டிவிட்டாள். ஞானதாசன் மெதுவாகக் கேட்டார். "வெட்டி எடுக்கட்டா?"

"எடுத்து எங்க கொண்டு வைக்க? அவனுக்க வள்ளம்லா. அங்கயே கிடக்கட்டும்."

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இன்னைக்கு வள்ளம் எறக்காண்டாம். சாமியாரிட்ட சொல்லுங்க. எனக்க மோனுக்கு மணி அடிக்கணும்."

தண்ணீர் ஓரத்தில் தள்ளத் தயாராக நின்ற மற்ற வள்ளங்களையும் ஆண்கள் மேட்டுக்கு இழுத்தார்கள். மணி தொடங்கியபோது ஞானதாசன் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, முதல் முறையாகச் சத்தம்போட்டு அழுதார். அன்று இரவு குளோரி வாசல் கதவுக்குத் தாழ் போட்டாள். துருப்பிடித்திருந்த தாழ் ஏற மறுத்தது. அவர் எழுந்து போய்த் தள்ளிக் கொடுத்தார்.

அடுத்த நாள் விடியலில் வள்ளம் அலையைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. உள்ளே குறுக்காக ஜெயசிங்கின் அயினிப் பலகை, பச்சை வாசம் போகாத புதுமரம். குளோரி வரவில்லை. பிலோமி ஒரு ஃபிளாஸ்கைக் கொண்டுவந்து பலகையின் அடியில் செருகினாள்.

"கட்டன். சக்கர கூட்டி."

"எனக்கா அக்கா?" என்றான் டிஜோ.

"யாருக்குன்னு அவ சொல்லல்ல. வள்ளத்துல வைக்கச் சொன்னா."

ஞானதாசன் குனிந்து, புதுத் துளையில் மாட்டிய வடத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு அதன் நுனியை எடுத்து டிஜோவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"கரை ஏத்தும்போ பைய ஏத்து மக்கா. முன்பக்கம் கல்லுல தட்டாமப் பாத்துக்கிடு."