எண் இல்லாத ஆணி

பேட்ஜ் பலகையின் வலது ஓரத்தில் எண் எழுதாத ஆணி ஒன்று இருந்தது. மற்ற ஆணிகளுக்கு மேலே எங்கள் எண்களைப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். வேலை முடிந்ததும் மார்பில் குத்திய, எண் போட்ட பேட்ஜைக் கழற்றி அவரவர் எண்ணில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று சொல்வது அந்தப் பேட்ஜ்தான்.

செங்கல்பட்டுக்கும் திருப்போரூருக்கும் நடுவே இருந்த அந்தச் சின்ன நிறுவனத்தில் கதிரியக்க மருந்து தயாரித்தார்கள். ஊசியில் ஏற்றிப் படம் எடுத்தால், புற்று உடம்பில் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் மருந்து. நேரம் ஆக ஆக வீரியம் குறைந்துகொண்டே போகும் என்பதால், காலையிலேயே ஈயக் குடுவையில் அடைத்துச் சென்னை மருத்துவமனைகளுக்கு அனுப்பிவிட வேண்டும். பன்னிரண்டாவது முடித்த எனக்கு அடைக்கும் மேசையில் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் அங்கே ஆள் நிலைப்பதே அபூர்வம். கதிர்வீச்சு என்று கேள்விப்பட்டதும் வீட்டார் வந்து கூட்டிப்போய்விடுவார்கள். ஆள் தேடுவதும், யாரை எங்கே நிறுத்துவது என்பதும் மேடத்தின் பொறுப்பு. அணுபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். நான் சேர்ந்த அன்றே அந்த ஆணியைக் காட்டினார். "கர்ப்பமா இருந்தாலும், கையில வெட்டுக்காயம் இருந்தாலும் உள்ள போகக் கூடாது. வாயால சொல்லக் கூச்சமா இருந்தா பேட்ஜை இதுல மாட்டிட்டுப் போ. மறுநாள் உனக்கு டெலிபோன் மேசை. காரணம் கேக்க மாட்டேன், சம்பளமும் குறையாது." ஆண்களும் அதில் மாட்டுவார்கள். அதனால் யார் எதற்காக மாட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போனது. முதல் கரு தங்காமல் போயிருந்ததால், "மூணு மாசம் தாண்டாம யார்கிட்டயும் மூச்சு வுடாத" என்று மாமியார் சத்தியம் வாங்கிக்கொண்டார். சாதாரணமாகவே நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. எல்லோரும் போகும்வரை காத்திருந்து, பேட்ஜை அந்த ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை என் பேட்ஜ் என் எண்ணிலேயே தொங்கியது. அன்றைய வேலைப் பட்டியலில் எனக்கு அடைக்கும் மேசை என்று போட்டிருந்தது. கூட வேலை பார்ப்பவள் லீவு. மருந்து தயார், வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே போனால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ, போகாவிட்டால் வேலை போய்விடுமோ. ஆள் இல்லாத அவசரத்தில் மேடமே திருப்பி மாட்டிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். "இன்னாம்மா நின்னுகினு கீற? மருந்து வீணாப்பூடும்!" என்று டிரைவர் கத்தினார். பேட்ஜை எடுத்து, மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரத்து ஆணியில் மறுபடி மாட்டினேன்.

"நேத்தே மாட்டினியா?" என்றார் மேடம். தலையசைத்தேன். "யாரு மாத்தினது?"

"நான்தான் மேடம்," என்றார் டிரைவர். "நம்பர் மாறித் தொங்கிகினு இருந்துச்சு, சரி பண்ணேன்." அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதுவரை திருவிடந்தைக் கோயிலில் செருப்பு டோக்கன் பார்த்தவர். எண் மாறிக் கிடந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"இது செருப்பு ஸ்டாண்டு இல்ல அண்ணாத்த!" என்று மேடம் அவர் பாஷையிலேயே சொன்னார்.

"பெருமாளே! தப்பு என்னுது மேடம், அந்தப் பொண்ணத் திட்டாதீங்க."

"யாரையும் திட்டல. முதல்ல வண்டிய ஆஃப் பண்ணு, டீசலாவது மிஞ்சட்டும்." சொல்லிக்கொண்டே மேடம், அடைக்கும் மேசைக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டார். கதவருகே என் பக்கம் திரும்பி, "போ, டெலிபோன் அடிக்குது பாரு" என்றார். அடிக்கவே இல்லை. டெலிபோன் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. அன்று குடுவைகளை எல்லாம் அவரே அடைத்தார். சில நாள் கழித்து, ஏதோ நினைவு வந்த மாதிரி, "உன் பேட்ஜ்ல இதுவரைக்கும் பயப்பட ஒண்ணும் இல்ல, நல்லா தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். காரணம் கேட்கவே இல்லை.

என் மகள் இப்போது படூரில் கல்லூரிக்குப் போகிறாள். மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். யாரை எங்கே நிறுத்துவது என்பது இப்போது என் வேலை. புதிதாக வருகிறவர்களிடம், "இன்னா வேணா தொடு, அந்த ஆணிய மட்டும் தொடாத" என்று அதே டிரைவர் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். போன வாரம் ஒரு காலை, அந்த ஆணியில் ஒரு பேட்ஜ் தொங்கியது. அன்றைக்கும் ஆள் குறைவுதான். சேர்ந்து சில மாதமே ஆன பெண் ஒருத்தி பலகைப் பக்கம் பார்க்காமல் நின்றிருந்தாள்.

"டெலிபோன் அடிக்குது பாரும்மா" என்று சொல்லிவிட்டு, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.