கருத்தாழம்

தி. நகரில் ஒரு கூட்டத்தில் பேசி முடித்து இறங்கினேன். ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "கருத்தாழம் மிக்க பேச்சு சார்!" என்றார். அவர் கண் மட்டும் என் தோளைத் தாண்டி, வாசலில் வைத்திருந்த காபியின்மேல் இருந்தது. அந்தக் காபி மணத்துக்குள் எங்கிருந்தோ கடல்காற்றும் சாம்பிராணியும் வந்து கலந்தன.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்துச் சாந்தோம்; நான் சின்னப் பையன். ஞாயிறு பூசையில் அப்பாவும் நானும் கடலைப் பார்த்த கதவருகே உட்காருவோம். பிரசங்கம் தொடங்கும், மெழுகுவத்திச் சுடர்கள் காற்றில் சாயும், தூரத்தில் கட்டுமரங்கள் ஒவ்வொன்றாகக் கனவுபோலக் கரைக்கு வரும். அப்பா அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "இன்னைக்கு சாமி சொன்ன கருத்து ரொம்ப ஆழம்" என்பார். அம்மா மேலே கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு சாமியாரே சாப்பிட வந்தார். அப்பா வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு நிர்வாகி அவர்தான். அப்பா பழக்கதோஷத்தில், "இன்னைக்குப் பிரசங்கம் ரொம்ப ஆழம் சாமி" என்றுவிட்டார்.

"அப்படியா? எந்த இடம் வாத்தியாரே?"

அப்பாவின் கையில் மீன்குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது. வேலை போய்விடுமோ என்று அம்மா முகம் வெளுத்தது. குடும்பத்தைக் காப்பாற்ற நான் புறப்பட்டேன்.

"ஏழாவது கட்டுமரம் வந்தப்ப சொன்னீங்களே, அந்த இடம் சாமி!"

சாமியார் மெதுவாக முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார்.

"ஏழா? எனக்கு ஆறுதானே தெரிஞ்சுது?"

என் கையை இன்னும் விடாமல் நின்றவரிடம், "வாங்க சார், காபி ஆறிடும்" என்றேன். பேச்சு முழுக்க நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.